பயன்படுத்திய ஐமேக் புரோ வாங்குவோர் கவனத்திற்கு: வேறொரு நிறுவனத்தின் பிடியிலிருந்த கணினியை என்னிடம் விற்றார்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் திருமணப் படம் எடுப்பவர்கள், ஆல்பம் வடிவமைப்பவர்கள், காணொளி தொகுப்பவர்கள் அனைவரும் இதைத் தயவுசெய்து முழுமையாகப் படிக்க வேண்டும். வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்துவிட்ட ஐமேக் புரோ கணினிகள் இப்போது நம் பக்கத்துக் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. அப்படி ஒன்றை நான் 7,800 ரிங்கிட் கொடுத்து வாங்கினேன். அந்தக் கணினி இன்றுவரை முன்பின் அறியாத ஒரு நிறுவனத்தின் நிர்வாகப் பட்டியலில் இருக்கிறது. விற்றவருக்கு இது தெரியும் என்பதற்கு அவர் அனுப்பிய குரல் பதிவே சான்று. விவகாரம் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குச் சென்றிருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை.

இந்தக் கணினியை நம் தொழிலில் இருப்பவர்கள் ஏன் தேடி வாங்குகிறார்கள் என்பதை முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தத் தேவையை நன்கு அறிந்துதான் வலை விரிக்கிறார்கள். ஆப்பிள் நிறுவனம் 2017 டிசம்பரில் 4,999 அமெரிக்க டாலர் தொடக்க விலையில் ஐமேக் புரோவை விற்பனைக்குக் கொண்டுவந்து, 2021 மார்ச்சில் நிறுத்திவிட்டது. 27 அங்குலத் திரையில் 5120க்கு 2880 புள்ளிகள், சாதாரணத் திரைகளைவிட அதிக வண்ணங்களைக் காட்டும் பி3 வண்ணப் பரப்பு, 500 நிட்ஸ் வெளிச்சம், குறைந்தது எட்டு கோர் கொண்ட இன்டெல் சியான் செயலி, 32 ஜிபி ரேம், முழுக்க எஸ்எஸ்டி சேமிப்பு என எல்லாம் ஒரே உடலுக்குள் அடங்கியிருந்தன. முகூர்த்த நாள்களில் இரண்டு கேமராக்களில் எடுத்த 4கே காணொளியை இரவோடு இரவாகத் தொகுக்க வேண்டியவருக்கு, மணிக்கணக்கில் ஓடினாலும் வேகம் தளராத, விசிறி இரைச்சல் காதை அடைக்காத கணினி எவ்வளவு பெரிய உதவி என்பது செய்தவர்களுக்குத் தெரியும்.

எனக்கு அதைவிட முக்கியமானது வண்ணம். மணப்பெண்ணின் அரக்குச் சிவப்புக் கூறைப்புடவையும் நெற்றிக் குங்குமமும் மலிவான திரையில் ஒரே சிவப்பாகத் தெரியும். சரிகையின் ஓரத்தில் இருக்கும் மடிப்பு அப்படியே விழுங்கப்பட்டுவிடும். நல்ல பி3 திரையில் அந்த இரண்டு சிவப்பும் பிரிந்து நிற்பதைப் பார்த்த பிறகு பழைய திரைக்குத் திரும்ப மனம் வராது. ஆல்பம் அச்சாகி வந்த பிறகு முகம் மஞ்சளாக இருக்கிறது என்று பெண் வீட்டார் சொன்னால், மறு அச்சுச் செலவு நம் தலையில்தான் விழுகிறது. ஆகவே, திரைக்காகவே பணத்தைப் போட்டேன் என்று சொன்னாலும் தவறில்லை.

கடையில் எல்லாம் முறையாகவே நடந்ததுபோல் தோன்றியது. சாம்பல் நிற உடல், சரியான மாடல், எட்டு கோர், 64 ஜிபி ரேம், 1 டிபி எஸ்எஸ்டி ஆகிய அனைத்தையும் திரையில் காட்டினார்கள். முந்தைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்கு நீக்கப்பட்டுள்ளதா என்று நேரடியாகக் கேட்டேன்; நீக்கப்பட்டுவிட்டது, பூட்டு எதுவும் இல்லை என்றார்கள். ரசீது கொடுத்தார்கள். மூன்று மாத உத்தரவாதமும் எழுதிக் கொடுத்தார்கள். கணினி, ஆப்பிளின் மேக்ஓஎஸ் இயங்குதளத்தின் வென்ச்சுரா பதிப்பில் ஓடிக்கொண்டிருந்தது. உத்தரவாதம் முடியும்வரை, உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், வேலையில் ஒரு குறையும் இல்லை.

பிறகு தொகுப்பு மென்பொருளின் புதிய பதிப்புக்காக அதற்கு அடுத்த பதிப்பான மேக்ஓஎஸ் சோனோமாவுக்கு மாறினேன். கணினி திரும்ப எழுந்ததும் திரை முழுவதையும் மூடிக்கொண்டு ஓர் அறிவிப்பு வந்தது. தலைப்பில் ‘ரிமோட் மேனேஜ்மெண்ட்’, அதாவது தொலைவிலிருந்து நிர்வகித்தல் என்றிருந்தது. அதன் கீழே, நான் கேள்விப்பட்டே இராத ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் பெயரைப் போட்டு, இந்தக் கணினியை அந்நிறுவனம் தானாகவே அமைத்துக்கொள்ளும் என்று எழுதியிருந்தது. சிறிது நேரம் தள்ளிப்போடலாம். ஆனால் அறிவிப்பு திரும்பத் திரும்ப வந்து நிற்கும். உள்ளே சென்றால் அந்த நிறுவன ஊழியரின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கிறது.

இதன் உள்விவரம் எளிமையானது. ஒரு நிறுவனம் தன் ஊழியர்களுக்காகக் கணினிகளை வாங்கும்போது, அவற்றின் வரிசை எண்களை ஆப்பிளின் வணிகக் கணக்கில் தன் பெயரில் பதிந்துகொள்ளலாம். அந்தப் பதிவு ஆப்பிளின் சர்வரில் இருக்கிறது, கணினிக்குள் இல்லை. எனவே எத்தனை முறை அழித்து நிறுவினாலும் அது போகாது. அழித்த பிறகு மொழி, கணக்கு முதலியவற்றைக் கேட்கும் முதல் அமைப்பை இணையத்தோடு செய்யும் நொடியில், கணினி ஆப்பிளைக் கேட்டு, தன் எசமானர் யார் என்று தெரிந்துகொள்கிறது. சோனோமாவிலிருந்து, முதல் அமைப்பின்போது தப்பித்த கணினியையும் பிறகு பிடித்துக்கொள்ளும்படி ஆப்பிள் மாற்றியது. பதிவுசெய்த நிறுவனம் மனம் வைத்து நீக்கினால்தான் விடுதலை. அதுவரை, அந்த நிர்வாகத்துக்குள் போன கணினியைத் தூரத்திலிருந்தே பூட்டவும் முழுவதையும் அழிக்கவும் அவர்களால் முடியும். பிறர் வீட்டுத் திருமணப் படங்களை வைத்திருக்கும் நமக்கு இது எத்தகைய ஆபத்து என்று எண்ணிப் பாருங்கள்.

கடைக்காரருக்கு அறிவிப்பின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர் குரல் பதிவில் அனுப்பிய பதிலை அப்படியே தருகிறேன்: “அக்கா, நீங்க ஏன் அப்டேட் பண்ணீங்க? நெட்டு போடாம செட்டிங் முடிச்சா இது வராது. நாங்க அப்படித்தான் போட்டுக் கொடுப்போம்.” பூட்டே இல்லை என்று கடையில் வைத்துச் சொன்னவரும் இவர்தான். அடுத்து, 200 ரிங்கிட் கொடுத்தால் கணினி ஆப்பிளின் சர்வரைக் கேட்பதை மறிக்கும் வேலையைச் செய்து தருவதாகவும் சொன்னார். மறைத்து விற்ற குறையை மறைத்து வைப்பதற்கு என்னிடமே கூலி கேட்டது எனக்கு மிகுந்த வேதனையைத் தந்தது. திரையில் இருந்த நிறுவனத்துக்கு வரிசை எண்ணுடன் மின்னஞ்சல் அனுப்பினேன், பதில் வரவில்லை.

இன்னொரு செய்தியும் இதில் உண்டு. சாதாரண 27 அங்குல ஐமேக்கில் ரேம் மாற்றுவதற்குப் பின்புறம் ஒரு சிறு கதவு இருக்கும். ஐமேக் புரோவில் அது கிடையாது. ரேமைத் தொட வேண்டும் என்றால் திரையை ஒட்டியிருக்கும் பசைப்பட்டையை அறுத்து, திரையைக் கழற்றி, முடிந்ததும் புதிய பட்டை போட்டு ஒட்ட வேண்டும். 64 ஜிபி ரேம் ஆப்பிள் நிறுவனத்திலிருந்தே வந்தது என்று என்னிடம் சொன்னார்கள். ஈப்போவில் விவரம் தெரிந்த ஒரு தொழில்நுட்பரிடம் காட்டியபோது, அவர் திரையின் இடது கீழ் மூலையைத் தடவிப் பார்க்கச் சொன்னார். விரல் நகம் உள்ளே போகும் அளவுக்கு அங்கே இடைவெளி இருந்தது. உள்ளே பழைய பசையின் கருப்புத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருந்தன. கண்ணாடிக்குப் பின்னால் தூசி இறங்கத் தொடங்கியிருப்பதையும் வெள்ளைப் பின்னணியில் காட்டினார். நான் பணம் போட்டது அந்தத் திரைக்காகத்தான்.

திரையும் கணினியும் ஒன்றாக இருப்பதன் பாதகம் இப்போது முழுமையாகத் தெரிகிறது. தனித்தனியாக இருந்தால் பெட்டியைக் கழித்துவிட்டு நல்ல திரையை வேறு கணினியில் செருகிக்கொள்ளலாம். பழைய ஐமேக்குகள் சிலவற்றுக்கு அந்த வசதி இருந்தது. 5கே திரை வந்ததிலிருந்து அது நின்றுபோனது. கணினி பூட்டப்பட்டால் அவ்வளவு அருமையான திரையும் சேர்ந்து முடங்கிவிடுகிறது.

பயன்படுத்தியதை வாங்கித்தான் ஆக வேண்டும் என்பவர்கள் கடையிலேயே ஒரு காரியம் செய்யச் சொல்லுங்கள். ஐமேக் புரோவில் ஆப்பிளின் பாதுகாப்புச் சிப்பான டி2 இருப்பதால், மேக்ஓஎஸ் மான்டரி அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில், அமைப்புகளுக்குள் போய் அனைத்தையும் அழிக்கும் கட்டளையைக் கொடுத்தால் சிறிது நேரத்தில் புதுக் கணினிபோல் ஆகிவிடும். பிறகு உங்கள் கைப்பேசியின் இணையத்தைக் கொடுத்து, முதல் அமைப்பை உங்கள் கண்முன் முடிக்கச் சொல்லுங்கள். பதிவில் இருக்கும் கணினி அங்கேயே காட்டிக்கொடுத்துவிடும். கடை வைஃபையில் செய்கிறேன், இன்று லைன் இல்லை, பிறகு செய்துகொள்ளலாம் என்றெல்லாம் இழுத்தால் காசை எடுக்காமல் திரும்பிவிடுங்கள். வாங்குவதாக முடிவானால் ரசீதில் வரிசை எண்ணையும், எந்த நிறுவன நிர்வாகத்திலும் இல்லை என்ற வாசகத்தையும் எழுதி வாங்குங்கள். ஐமேக் புரோவுக்கு மேக்ஓஎஸ் செக்கோயாதான் கடைசி. 2025இல் வந்த தாஹோ இதில் ஏறாது. அதைச் சொல்லியே விலையைக் குறைக்கலாம்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் திரிபியூனல் துந்துத்தான் பெங்குனா எனப்படும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் விண்ணப்பம் கொடுக்கலாம். கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறார்கள். வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. நான் ரசீது, திரையின் படம், குரல் பதிவு, தொழில்நுட்பரின் கடிதம் ஆகியவற்றை இணைத்துக் கொடுத்திருக்கிறேன். விசாரணை நாளுக்காகக் காத்திருக்கிறேன்.

இதே வழியில் வந்த ஐமேக் புரோவை வைத்துக்கொண்டு, இன்னும் வென்ச்சுராவிலேயே வேலை செய்துகொண்டிருப்பவர்கள் நம்மிடையே இருக்கக்கூடும். புதிய பதிப்புக்கு மாறும் பொத்தானை அழுத்துவதற்கு முன், இதுவரை எடுத்த படங்கள், தொகுப்புக் கோப்புகள் அனைத்தையும் வெளி டிஸ்க்கில் இன்றே நகலெடுத்து வையுங்கள். விற்றவரிடம் வரிசை எண்ணைச் சொல்லி விளக்கம் கேளுங்கள். அவர் தரும் பதிலை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.