கடற்கரை ஊர்களின் காவிரித் தண்ணீர்ச் சேவை: தொட்டிவரை நன்று, குழாய்வரை சுமார்

ராமநாதபுரம் கடற்கரையில் தண்ணீருக்கு இரண்டு பெயர் உண்டு: நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. உப்புத் தண்ணி வீட்டு போர்வெல்லிலேயே கிடைக்கும், துணி துவைக்க ஆகும். குடிக்கவும் உலை வைக்கவும் நல்ல தண்ணிதான் வேண்டும். அதற்காக வந்ததே காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம். திருச்சிப் பக்கத்து ஆற்றுப்படுகையில் எடுக்கும் நீர் இத்தனை தொலைவு தாண்டி உப்புக்காட்டு ஊர்களுக்கு வந்து சேர்வதே பெரிய காரியம். அந்தப் பாதிக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

மறுபாதி ஊராட்சியின் கையில் இருக்கிறது. தரைமட்டத் தொட்டியில் நீரைக் கொண்டுவந்து விடுவதோடு குடிநீர் வடிகால் வாரியத்தின் வேலை முடிகிறது. மோட்டார், மேல்நிலைத் தொட்டி, தண்ணீரைத் திறந்து அடைக்கும் கேட் வால்வு, தெருக்குழாய் எல்லாம் ஊராட்சியின் பொறுப்பு. வருகிற புகார்களில் பெரும்பாலானவை இந்தப் பாதியைப் பற்றியவை.

முதலில் அளவு. வீட்டுக்கு வீடு குழாய் தரும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டக் கணக்கில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர், அதாவது 15 லிட்டர் குடத்தில் 18 குடம். 150 வீடுள்ள ஊருக்கு 41,250 லிட்டர் வேண்டும். மேல்நிலைத் தொட்டி 30,000 லிட்டர் என்றால் ஒருமுறை நிரப்பினால் போதாது. நிமிடத்துக்கு 100 லிட்டர் ஏற்றும் மோட்டாருக்கு ஒருமுறை நிரப்பவே ஐந்து மணி நேரம் பிடிக்கும். நடுவில் மின்சாரம் நின்றாலோ, குறைந்த வோல்டேஜில் மோட்டார் சூடாகி நின்றாலோ அன்று கடைசித் தெருவுக்குத் தண்ணீர் இல்லை.

உங்கள் தெருவில் எவ்வளவு வருகிறது என்று பார்க்க ஒரு குடமும் கைபேசிக் கடிகாரமும் போதும். 15 லிட்டர் குடம் நிரம்ப ஒன்றரை நிமிடம் ஆனால் குழாயில் நிமிடத்துக்கு 10 லிட்டர் வருகிறது. ஒரு மணி நேரம் திறந்துவிட்டால் 40 குடம். அந்தக் குழாயை நம்பி 15 வீடு இருந்தால் வீட்டுக்கு மூன்று குடம்கூடத் தேறாது. தள்ளுவண்டியில் ஆறு குடத்தை அடுக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போவது இதனால்தான்.

மிக மோசமான இடம் குழாய்க்குழி. அழுத்தம் குறைந்த தெருக்களில் முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டி, குழாயைத் தரைமட்டத்துக்குக் கீழே இறக்கி, குடத்தைக் குழிக்குள் வைத்துப் பிடிக்கிறார்கள். தண்ணீர் நின்றதும் பகிர்மானக் குழாய் வெறுமையாகிவிடும். குழியில் தேங்கிய கழிவும் மழைநீரும் திருகு கசியும் வழியே உள்ளே ஏறும். யாராவது வீட்டு இணைப்பில் மோட்டார் வைத்து உறிஞ்சினால் இன்னும் வேகமாக ஏறும். மறுநாள் முதல் இரண்டு குடம் கலங்கலாக வருவது இதனால். அதைச் செடிக்கு ஊற்றிவிட வேண்டும், சமையலுக்கு எடுக்கவே கூடாது. குழியை மூடச் சொன்னால் மட்டும் தீராது. தெருவுக்கொரு வால்வு வைத்து முறை போட்டுத் திறந்தால்தான் அழுத்தம் ஏறும், குழிக்கும் தேவை இருக்காது.

குளோரின் விஷயத்தில் கடற்காற்றுதான் எதிரி. புதுப் பிளீச்சிங் பவுடரில் குளோரின் ஏறக்குறைய 33 சதவீதம் இருக்கும். 1,000 லிட்டருக்கு 4 கிராம் என்றால் 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரம் கழித்தே வால்வைத் திறக்க வேண்டும். சாக்கைப் பிரித்து மோட்டார் அறையில் அப்படியே போட்டுவைத்தால் ஈரம் இழுத்துக் கட்டிதட்டி வீரியம் போய்விடும், அதன்பின் 120 கிராமும் பயன் தராது. மூடி உள்ள பிளாஸ்டிக் வாளியில் வைக்கச் சொல்லுங்கள். கடைசித் தெருக் குழாயில் குறைந்தது 0.2 பி.பி.எம். (லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்) குளோரின் மிஞ்ச வேண்டும், சோதனைத் துளி விட்டால் இளமஞ்சள் தெரிய வேண்டும். கேட் வால்வின் தண்டும் அப்படித்தான்: கிரீஸ் இல்லாமல் விட்டால் உப்புக்காற்றில் இறுகி, பாதி திறந்த நிலையிலேயே நின்றுவிடும்.

இதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியவர் யார்? கென்யாவின் அரசியல்வாதி சாரிட்டி ங்கிலுவை இங்கே எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 1992-இல் கிட்டுயி மத்தியத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் போனவர், 1997-இல் குடியரசுத் தலைவர் தேர்தலிலும் நின்றார். பிறகு சுகாதார அமைச்சர், 2008-இலிருந்து தண்ணீர், பாசனத் துறை அமைச்சர். 2017-இல் கிட்டுயி கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) ஆளுநரானார். அது நம்மூர் ஆளுநர்போல நியமனப் பதவி இல்லை, ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது. 2010 அரசியலமைப்பு 47 கவுண்டிகளிடம் கொடுத்த வேலைகளில் குடிநீர் வழங்கலும் ஒன்று. நாடு முழுமைக்கும் தண்ணீர் அமைச்சராக இருந்தவர், நம் மாவட்டம்போலவே வறண்ட ஒரே ஒரு கவுண்டியின் குழாய்க்குப் பதில் சொல்ல வந்தார். அதைப் பதவி இறக்கமாக நினைப்பது தவறு. தில்லியிலும் சென்னையிலும் திட்டம் போடுவதைவிடக் கடைசித் தெருவுக்குத் தண்ணீர் சேர்ப்பது கடினம். 2018 ஜனவரியில் அவர் கிட்டுயியில் கரி வியாபாரத்தைத் தடை செய்தார். கரி மூட்டம் போட்டுப் பிழைக்கும் சாயல்குடி, முதுகுளத்தூர்ப் பக்கத்து மக்களுக்கு அப்படி ஒரு முடிவின் கனம் தெரியும். சரியோ தவறோ, எடுத்தவர் யார் என்று கிட்டுயி மக்களுக்குத் தெரியும். 2022 வரை அந்த நாற்காலியில் இருந்தார்.

நம் பக்கம், ராமநாதபுரம் உட்பட 27 மாவட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். பல ஊராட்சிகளுக்கு ஒரே வட்டார வளர்ச்சி அலுவலர். அதே தெருவில் இருந்த தலைவரிடம் காலையில் போய்ச் சொன்ன காரியம், அதன்பின் ஒன்றிய அலுவலகம்வரை போக வேண்டியதாகிவிட்டது. இன்னொரு இடியும் உண்டு: 2021-26 காலத்துக்கான மத்திய 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே செலவிட ஒதுக்கப்பட்டிருந்தது, ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருந்தால்தான் அந்த மானியம் என்பது நிபந்தனை. வால்வு வாங்கப் பணமில்லை என்ற பதிலின் பின்னால் இதுவும் இருக்கலாம்.

புகாரை டேங்க் ஆபரேட்டர் அண்ணனிடம் வாய்மொழியாகச் சொல்லி நிறுத்தாதீர்கள், வால்வு வாங்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. ஊராட்சிச் செயலரிடம் எழுதிக் கொடுத்து நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். அடுத்து வட்டார வளர்ச்சி அலுவலர், அதன்பின் அரசின் 1100 குறைதீர்ப்பு எண் அல்லது திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாள். "தண்ணி வரல" என்று மட்டும் எழுதாமல், எந்தத் தெரு, எத்தனை வீடு, குடம் நிரம்ப எத்தனை நிமிடம், எத்தனை நாளாக என்று எழுதுங்கள்.

ஆண்டுக்கு ஆறு கிராமசபையில் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளுக்கானது. அன்று ஆபரேட்டரின் குறிப்பேட்டைக் காட்டச் சொல்லுங்கள்: மோட்டார் ஓடிய நேரம், பவுடர் அளவு, தொட்டி கழுவிய தேதி. தொட்டித் தூணில் பெயின்டில் எழுதிய கடைசிக் கழுவல் தேதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வால்வு மாற்றவேண்டிய தெருவின் பெயர் தீர்மானப் புத்தகத்தில் ஏறியபின் வருகைப் பதிவில் கையெழுத்துப் போடுங்கள்.