கடன் வாங்கிய குரல்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசைக் கதை விளையாட்டின் 5ஆம் பதிப்பில், இசையால் மாயம் செய்யும் பாணர் பாத்திரத்துக்காக ஒரு ரசிகர் எழுதிய உட்பிரிவு இது. இத்தாலிய வயலின் மேதை பகானினி சாத்தானுக்கு ஆன்மாவை விற்று வயலின் கற்றார் என்ற பழைய வதந்தியை விதியாகவே ஆக்கியிருக்கிறார். தோழர்களின் முயற்சிக்குக் கூடுதல் எண் தரும் ஊக்கப் பகடைகள் தீர்ந்த பிறகும் இன்னொன்றைக் கடனாக உருட்டலாம். விழும் எண் அளவுக்குப் பாணரின் உயிர்ப்புள்ளி போய்விடும்.

என் பாடினிக்கு மிச்சம் இருந்தது 2 புள்ளி. தோழிக்காகப் பாடினாள். பகடையில் 6 விழுந்தது. தோழி தப்பினாள், இவள் சரிந்தாள். மேசையில் யாரும் பேசவில்லை. இந்த ஒரு விதிக்காகவே இதை நேசிக்கிறேன்.

5ஆம் நிலையில் வேகம் குறைகிறது. கதைக்குள் பாத்திரங்கள் எடுக்கும் குறு ஓய்விலேயே பகடைகள் திரும்பிவிடுவதால் கடன் வாங்க அவசியமே வருவதில்லை. 14ஆம் நிலைத் திறன் வெறும் கூடுதல் சேதம், ஏமாற்றம்தான். எடுப்பவர்கள், கடன் கொடுத்தது யார் என்பதை ஆட்டத்தை நடத்துபவரோடு முதல் நாளே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.