ரோசாமோன்தே யெர்பா மாத்தே, அரைக்கிலோ பொட்டலம்: கசப்பு பிடித்தவர்களுக்கு மட்டும்

மாத்தே என்பது உலர்ந்த யெர்பா இலையில் சுடுதண்ணீரை மறுபடி மறுபடி ஊற்றி, குழலால் உறிஞ்சிக் குடிக்கும் கசப்புப் பானம். அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸில் எந்த சூப்பர்மார்க்கெட்டுக்குள் நுழைந்தாலும் யெர்பாவுக்கென்றே ஒரு முழு அலமாரி இருக்கும். தராகுயி, அமாந்தா, குரூஸ் தெ மால்தா, பிளாஷாதித்தோ என்று வரிசை கட்டி நிற்கும். எது எப்படி என்று தெரியாமல் கையில் கிடைத்ததை வாங்கிப் போட்டுப் பார்த்து, கடைசியில் எங்கள் வீட்டில் நிலைத்தது ரோசாமோன்தே. சிவப்புப் பொட்டலம், மிஸியோனெஸ் மாகாணத்து அப்போஸ்தோலெஸ் ஊர்ச் சரக்கு. விலையை எழுதப்போவதில்லை. இந்த ஊரில் பெசோ கணக்கு நீங்கள் படிப்பதற்குள் மாறிவிடும்.

பிரித்ததும் முதலில் வருவது புகை வாசனை. இலையைப் பறித்த கையோடு தீயில் வாட்டி, விறகுச் சூட்டில் உலர்த்தி, நொறுக்கி, பிறகு மாதக்கணக்கில் மூட்டையில் போட்டு வைத்துப் பக்குவப்படுத்துகிறார்கள். அதனால் நிறம் மங்கிய பச்சை. பிரேசில்காரர்கள் அப்படிக் காக்க வைப்பதில்லை, அவர்கள் ஊர் மாத்தேவான சிமர்ராவோவுக்குப் போடும் பொடி கிளிப்பச்சையாக இருக்கும். ரோசாமோன்தேயில் இலை, குச்சி, தூசு மூன்றும் கலந்திருக்கும். குச்சியைப் பார்த்து ஏமாற்றிவிட்டான் என்று நினைக்க வேண்டாம். கசப்பை மட்டுப்படுத்துவதே அதுதான். குச்சியே இல்லாத வகையும் விற்கிறார்கள், அது எனக்கு ஆகவில்லை.

ருசி? விறகடுப்பில் வைத்த நிலவேம்புக் கஷாயத்தைப் பாதிக் கசப்புக்குக் குறைத்தது போல. முதல் இரண்டு ஊற்றலில் நாக்கை இழுக்கும், அப்புறம் அடங்கி லேசாக இனிக்கும். கும்பகோணத்துக் காபியில் வளர்ந்த எனக்கு இந்தக் கனம் பிடித்துவிட்டது. கனம் வேண்டாம் என்பவர்கள் பிளாஷாதித்தோவுக்குப் போகலாம். கொரியெந்தெஸ் மாகாணத்துக் கூட்டுறவுச் சங்கம் போடும் சரக்கு, சாது. என் வீட்டுக்காரர் அதில்கூட இரண்டு ஸ்பூன் சர்க்கரை போடுவார். கீழ்வீட்டு அம்மாள் அதைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

நல்ல யெர்பாவைக் கெடுப்பது கொதிக்கிற தண்ணீர். 70 முதல் 80 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கெட்டில் முணுமுணுக்கத் தொடங்கும்போதே இறக்கிவிடுங்கள். இங்கே விற்கும் மின்சாரக் கெட்டில்களில் மாத்தேவுக்கென்று தனிப் பொத்தானே உண்டு. கொதித்ததை ஊற்றினால் கசப்பெல்லாம் ஒரேயடியாக இறங்கி, நாலாவது ஊற்றலில் வெறும் பச்சைத் தண்ணீர்தான் மிஞ்சும்.

கீழ்வீட்டு அம்மாள் கை செய்வதைச் சொல்கிறேன். சுரைக்குடுவையில் முக்கால் பங்கு யெர்பா. வாயை உள்ளங்கையால் மூடித் தலைகீழாகக் கவிழ்த்து நாலு குலுக்கு. உள்ளங்கையில் ஒட்டிய தூசைத் தட்டிவிடுவார். குடுவையைச் சாய்த்தே நிமிர்த்தினால் யெர்பா ஒரு பக்கம் மேடாக, மறுபக்கம் பள்ளமாக நிற்கும். பள்ளத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சம், அது ஊறும்வரை பேச்சு. பிறகு பொம்பிஷா என்கிற வடிகட்டிக் குழலை, மேல்வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு பள்ளத்தில் இறக்குவார். இறக்கியதோடு சரி, அசைக்கக் கூடாது, கிண்டவே கூடாது. சூடான தண்ணீர் அதே இடத்தில், குழலை ஒட்டி, மெல்லிய தாரையாக. மேல்மேடு காய்ந்தே இருக்கும். நுரை பொங்கினால் யெர்பாவும் கையும் சரி என்று அர்த்தம்.

ஊற்றுபவருக்கு செபதோர் என்று பேர். முதல் சுற்று அவருக்கே, அதுதான் அதிகக் கசப்பு. அடுத்து நிரப்பி உங்களிடம் நீட்டுவார், அதே குடுவை, அதே குழல். இங்கேதான் நமக்குச் சிக்கல். டம்ளரை உதட்டில் படாமல் அண்ணாந்து குடிக்கச் சொல்லி வளர்த்த பிள்ளைகள் நாம். எச்சில் என்று குழலைத் துடைத்தீர்களோ, அந்த வீட்டில் அடுத்த அழைப்பு சந்தேகம். கொரோனா வந்தபோது பகிர வேண்டாம் என்று அரசாங்கமே சொல்ல, அவரவர் தனிக்குடுவை வைத்துக்கொண்டார்கள். என் அலுவலகத்தில் பாதிப் பேர் இன்னும் அப்படித்தான். ஆகவே இப்போது "எனக்குத் தனியாக இருக்கட்டும்" என்றால் யாரும் கோபிப்பதில்லை. ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: ஒவ்வொரு முறை வாங்கும்போதும் "கிராசியாஸ்" சொல்லாதீர்கள். சொன்னால் போதும் என்று எடுத்துக்கொண்டு உங்களைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

சாமான் விஷயத்தில் செலவைக் குறையுங்கள். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒருவர் வெள்ளிக் கலவை என்று சத்தியம் செய்து விற்ற குழல் சீக்கிரமே பூச்சு உரிந்து செம்பு காட்டியது. சாதாரண ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போதும். சுரைக்குடுவை அழகுதான், ஆனால் வாங்கியதும் ஈர யெர்பா நிரப்பி ஒரு நாள் ஊறவைத்துச் சுரண்ட வேண்டும், குடித்த பின் காயவைக்காவிட்டால் பூஞ்சை. சோம்பேறிகளுக்குக் கண்ணாடியோ ஸ்டீலோ.

இந்த இலைக்குப் பெரிய கதை உண்டு. இந்தப் பகுதிப் பூர்வகுடிகளான குவாரனி மக்கள் குடித்ததை ஏசு சபைப் பாதிரிகள் தோட்டப் பயிராக்கினார்கள். 1767ல் அவர்களை ஸ்பெயின் வெளியேற்றியதும் விதை முளைக்கவைக்கும் வித்தை மறந்துபோய், மறுபடி காட்டு மரங்களையே நம்ப வேண்டியதாயிற்று. 1821ல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் போன்பிளான் யெர்பா பயிரிடப்போக, பராகுவே சர்வாதிகாரி பிரான்சியா ஆளனுப்பிப் பிடித்து, ஏறக்குறைய பத்து வருஷம் நாட்டைவிட்டு நகரவிடவில்லை. வியாபாரப் போட்டி அவ்வளவு!

உடம்புக்கு என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு. இதில் இருப்பது காஃபீன்தான். "மாத்தேயீன் என்று தனிச் சரக்கு, தூக்கத்தைக் கெடுக்காது" என்று விற்பனையாளர்கள் சொல்வது கதை. கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போவதால் காபி போல் தூக்கிப்போடாது. அதே காரணத்தால் எவ்வளவு குடித்தோம் என்பதும் தெரியாது. மாலை ஐந்துக்கு மேல் குடித்தால் எனக்கு இரவு சிவராத்திரி. வெறும் வயிற்றில் எரியும். டீ மாதிரியே சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும், ரத்தசோகை உள்ள சைவக்காரர்கள் சாப்பாட்டோடு குடிக்காதீர்கள். 65 டிகிரிக்கு மேலான எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016ல் வகைப்படுத்தியது. ஊற்றியதும் உறிஞ்சாமல் சற்று ஆறவிடுங்கள். கோடையில் பராகுவேக்காரர்கள் போல ஐஸ் தண்ணீர் ஊற்றி தெரெரேயாகவும் குடிக்கலாம், ரோசாமோன்தே அதற்குச் சற்று முரடு.

இளைக்கும் என்று நம்பி வாங்குபவர்களுக்கு என் சிபாரிசு இல்லை. கசப்பும் புகையும் பிடித்து, அரைமணி நேரம் உட்காரப் பொறுமையும் உள்ளவர்களுக்கு ஐந்துக்கு நாலரை. தூசு அதிகம் என்பதால் அரை மார்க் குறைத்தேன், மலிவான குழல் அடைத்துக்கொள்கிறது. ஒரு கிலோ பொட்டலம் வேண்டாம், பிரித்து வைத்தால் புகை வாசனை போய்விடும். அரைக்கிலோ வாங்கி இறுக மூடும் டப்பாவில் கொட்டிவிடுங்கள், மிளகாய்ப்பொடி டப்பாவுக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள்.