அதிகாரம் யார் கையில்? தேடிய இடத்தைப் பொறுத்தே விடை

ஜனநாயகத்தில் ஆளுக்கொரு ஓட்டு. அதிகாரமும் அப்படியே பகிர்ந்து கிடக்கிறதா என்பதில்தான் சண்டை. 1950களிலும் 60களிலும் அமெரிக்க அறிஞர்கள் இதை ஊர் ஊராகப் போய் ஆராய்ந்தார்கள். ஆளுக்கொரு முடிவோடு திரும்பினார்கள். யார் எப்படித் தேடினார் என்று பார்த்தாலே காரணம் பாதி விளங்கிவிடும்.

ஃபிளாய்ட் ஹன்டர் அட்லாண்டாவை எடுத்துக்கொண்டார். ஊர் விவரம் தெரிந்தவர்களிடம் செல்வாக்குள்ளவர்கள் யார் யார் என்று கேட்டு, பெரிய பட்டியலை 40 பேராகச் சுருக்கினார். அதில் வணிகப் புள்ளிகளே அதிகம். 1953இல் இது வெளிவந்தது. மூன்றே வருஷத்தில் சி. ரைட் மில்ஸ் இதே வாதத்தை நாடு முழுமைக்கும் விரித்தார்: பெருநிறுவனம், ராணுவம், அரசு நிர்வாகம் இந்த மூன்றின் உச்சியில் இருப்பவர்கள் ஒரே வட்டத்து ஆட்கள், பெரிய முடிவுகள் அவர்களுடையவை.

ராபர்ட் டால் இதை ஏற்கவில்லை. ஒருவருக்குச் செல்வாக்கு இருப்பதாக நாலு பேர் சொல்வது வேறு, அவர் நினைத்தது நடப்பது வேறு என்றார். நியாயமான கேள்விதான். நியூ ஹேவன் நகரில் நகரச் சீரமைப்பு, பொதுக்கல்வி, கட்சி வேட்பாளர் தேர்வு ஆகிய மூன்று துறைகளில் முடிவுகள் எப்படி எடுக்கப்பட்டன என்று பின்தொடர்ந்தார். ஒரு துறையில் ஓங்கிய கை இன்னொன்றில் பெரும்பாலும் இல்லை. மூன்றிலும் செல்வாக்குக் காட்டியது கிட்டத்தட்ட மேயர் மட்டுமே. 1961இல் வந்த இந்த ஆய்வுதான் பன்மைவாதத்தின் கோட்டை: அதிகாரம் பல குழுக்களிடம் சிதறிக் கிடக்கிறது, யாரும் எல்லாவற்றிலும் ஜெயிப்பதில்லை.

சாட்சியத்தின் தரத்தில் டால் பக்கமே என் ஓட்டு. ஆனால் அடுத்த வருஷமே பக்ராக், பாரட்ஸ் இருவரும் அவர் காலடியில் இருந்த ஓட்டையைக் காட்டினார்கள். எடுத்த முடிவுகளை மட்டும் பார்த்தால், பேச்சுக்கே வராமல் போனவை எங்கே தெரியும்? நிகழ்ச்சி நிரலில் ஏறவிடாமல் தடுப்பதும் அதிகாரம்தானே!

நடக்காத ஒன்றை நிரூபிப்பது எப்படி என்று பன்மைவாதிகள் மடக்கினார்கள். அதற்கு மேத்யூ கிரென்சன் 1971இல் தந்த பதில்தான் இந்த விவாதத்திலேயே எனக்குப் பிடித்தது. இண்டியானா மாநிலத்தில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு உருக்காலை நகரங்கள், ஈஸ்ட் சிகாகோவும் கேரியும். இரண்டிலும் ஆலைப்புகை. ஈஸ்ட் சிகாகோ 1949லேயே காற்று மாசுக்கு எதிராகச் சட்டம் போட்டது. கேரி 1962 வரை போடவில்லை. கேரியில் யு.எஸ். ஸ்டீல் என்ற ஒரே நிறுவனத்தின் ஆதிக்கம். அது யாரையும் மிரட்டவும் இல்லை, பெரிதாக எதிர்க்கவும் இல்லை. அதைப் பகைத்துக்கொள்வானேன் என்று ஊரே வாயைத் திறக்காமல் இருந்ததுதான் வருஷக்கணக்கில் நடந்தது. டாலின் முறையில் தேடினால் இதில் அகப்பட ஒன்றுமே இல்லை, ஏனென்றால் முடிவு என்று ஒன்று எடுக்கப்படவே இல்லை.

மார்க்சியர்கள் இதில் வியக்க என்ன இருக்கிறது என்பார்கள். மூலதனம் ஊரை விட்டுப் போய்விடக்கூடாது என்ற கவலை அரசுக்கு இருக்கும்வரை முதலாளி நேரில் வந்து கேட்க வேண்டியதில்லை. பன்மைவாத முகாமிலிருந்தே வந்த லிண்ட்ப்ளம் 1977இல் ஏறக்குறைய இதையே எழுதினார். வணிகம் மற்ற அழுத்தக் குழுக்களைப் போல இன்னொரு குழு அல்ல என்றார். டாலும் பிற்காலத்தில் பொருளாதார ஏற்றத்தாழ்வு பற்றிக் கடுமையாகவே பேசினார். மில்ஸின் ஒரே வட்டத்துக் கதையைவிட இந்த விளக்கம் வலுவானது. சதி எதுவும் தேவைப்படாமலேயே வேலை செய்கிறது.

இப்போது எண்களின் காலம். கிலென்ஸ், பேஜ் என்ற அமெரிக்க அறிஞர்கள் இருவரும் 1981 முதல் 2002 வரை அங்கே கருத்துக்கணிப்புகளில் கேட்கப்பட்ட 1,779 கொள்கைக் கேள்விகளை அலசி, 2014இல் வெளியிட்டார்கள். வசதி படைத்தவர்களின் விருப்பத்தையும் அமைப்பாகத் திரண்ட குழுக்களின் விருப்பத்தையும் கழித்துவிட்டால், சராசரிக் குடிமகனின் விருப்பத்துக்குத் தனியாக விளைவு ஏறக்குறைய எதுவும் இல்லை என்றது ஆய்வு. ஹன்டர் அணி ஜெயித்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் நடுத்தர மக்களும் பணக்காரர்களும் பெரும்பாலான விஷயங்களில் ஒரே பக்கம்தான் நிற்கிறார்கள், ஆகவே வேறுபாட்டை அளக்கக் கிடைக்கும் இடம் குறைவு என்ற மறுப்பும் உடனே வந்தது. எனக்கு உறுத்துவது வேறு. அந்த 1,779உம் கருத்துக்கணிப்பில் யாரோ ஏற்கெனவே கேட்ட கேள்விகள். 1955இல் கேரியின் புகையைப் பற்றி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.