நைட்ரோ ட்ரக்கை எலெக்ட்ரிக்கா மாத்துற கிட்: மவுண்ட் அருமை, பேட்டரி ட்ரே மட்டம்

பழைய நைட்ரோ மான்ஸ்டர் ட்ரக் (நைட்ரோ எரிபொருள்ல ஓடுற ரிமோட் கண்ட்ரோல் வண்டி) வச்சிருக்கவங்களுக்குன்னு விக்கிற எலெக்ட்ரிக் கன்வர்ஷன் கிட் ஒண்ணு வாங்கி மாட்டி ஓட்டிட்டு இருக்கேன், அதைப் பத்தி தான் எழுதுறேன். பெட்டிய தொறந்தா ஒரு அலுமினிய மோட்டார் மவுண்ட், ரெண்டு பேட்டரி ட்ரே, ஸ்ட்ராப், ஒரு பினியன் (மோட்டார் ஷாஃப்ட்ல மாட்டுற குட்டி கியர்), ஒரு பொட்டலம் ஸ்க்ரூ, அவ்ளோ தான். மோட்டார், ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தை கட்டுப்படுத்துற பெட்டி), லைப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி), சார்ஜர் எல்லாம் நம்ம தான் வாங்கணும், ஆனா பெட்டி மேல "கம்ப்ளீட் கிட்"னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான். எது கம்ப்ளீட்டுன்னு அவனைத் தான் கேக்கணும்.

மவுண்ட் மட்டும் சொல்லிக்கணும், நல்லா செஞ்சிருக்கான். இன்ஜின் உக்காந்திருந்த அதே ஓட்டைல நேரா உக்காருது, சேஸிஸ்ல ட்ரில் போட வேண்டிய வேலையே இல்ல. தகடு நல்ல தடிமன், மோட்டார் ஸ்க்ரூ போற ஓட்டை நீளமா வெட்டியிருக்கறதால மோட்டாரை முன்ன பின்ன நகத்தி கியர் மெஷ் (ரெண்டு கியரோட பல்லும் எவ்ளோ நெருக்கமா கடிக்குதுங்கிறது) செட் பண்ணிக்கலாம். ஒரு மெல்லிசு பேப்பர் துண்டை பினியனுக்கும் ஸ்பர் கியருக்கும் (பினியன் கடிச்சு சுத்துற பெரிய கியர்) நடுவுல விட்டு, மோட்டாரை அமுக்கிப் பிடிச்சு டைட் பண்ணிட்டு பேப்பரை உருவுங்க, மடிப்பு விழுந்து கிழியாம வந்தா சரி. ஒரு இடத்துல பாத்துட்டு விட்றாதீங்க, ஸ்பர் சுத்த வட்டமா இருக்காது, ஒரு முழு சுத்து சுத்திப் பாத்து எங்க ரொம்ப டைட்டா இருக்கோ அங்க வச்சு தான் செட் பண்ணனும். பினியன்ல இருக்க குட்டி ஸ்க்ரூ மோட்டார் ஷாஃப்ட்ல தட்டையா சீவின பக்கத்துல தான் உக்காரணும், த்ரெட்லாக் (ஸ்க்ரூ தானா கழலாம பிடிக்கிற பசை) கட்டாயம்.

கழட்டுற வேலை ஜாலி தான். இன்ஜின், பைப், டேங்க், த்ராட்டில் சர்வோ, லிங்கேஜ், ரிசீவர் பேட்டரி எல்லாம் வெளிய. எரிபொருள்ல கலந்திருக்க எண்ணெய் சேஸிஸ் பூரா மண்ணோட சேந்து பிசுக்கா ஒட்டியிருக்கும், ஆல்கஹால் போட்டு துடைச்சு எடுத்தா தான் டபுள் டேப் ஒட்டும், இல்லைனா ஈஎஸ்சி ரெண்டு குதில கீழ தொங்கும்.

இப்ப கிட்காரன் ஒரு வரி கூட எழுதாம விட்ட விஷயத்துக்கு வரேன், உண்மையான வேலையே இங்க தான் இருக்கு. நைட்ரோல கிளட்ச் இருக்கு, ஆர்பிஎம் ஏற ஏற கொஞ்சம் வழுக்கி அப்புறம் தான் பிடிக்கும், அதனால கியர்பாக்ஸுக்கு வர்ற அடி மெதுவா வரும். எலெக்ட்ரிக்ல கிளட்சும் கிளட்ச் பெல்லும் (கிளட்ச் மேல பல்லோட இருந்து ஸ்பரை சுத்துற உறை) போயிடுது, அந்த எடத்துல பினியன் நேரா ஸ்பரை கடிக்குது, ட்ரிக்கரை தொட்ட உடனே முழு டார்க்கும் (சுழற்றுற விசை) டிஃப் (டிஃபரென்ஷியல்), ட்ரைவ் ஷாஃப்ட், ஆக்ஸில் எல்லாத்து மேலயும் ஒரே அடியா இறங்கும். நைட்ரோ காலத்துல வருஷக்கணக்கா உழைச்ச ப்ளாஸ்டிக் ட்ரைவ் ஷாஃப்ட் எல்லாம் முறுக்கின முறுக்குல திருகிக்கும். ஈஎஸ்சில பஞ்ச் செட்டிங் (கிளம்புறப்ப எவ்ளோ வேகமா பவர் குடுக்கணும்ங்கிறது) இருந்தா கம்மில வைங்க, ஷாஃப்டை ஸ்டீலுக்கு மாத்துறது நல்லது. ரெண்டு ஸ்பீட் கியர்பாக்ஸ் இருந்தா அதை ஒரே ஸ்பீடா மாத்திடுங்க, தானா கியர் மாறுறப்ப விழற அடிய கியர்பாக்ஸ் உள்ள இருக்க குட்டி கிளட்ச் ரொம்ப நாள் தாங்காது.

மோட்டார் எடுக்கும்போது பெரிய கேவி நம்பரைப் (ஒரு வோல்ட்டுக்கு எத்தனை ஆர்பிஎம்ங்கிறது) பாத்து மயங்க வேணாம். நைட்ரோ இன்ஜின் 30,000 ஆர்பிஎம்முக்கு மேல சுத்துறது சகஜம். 2200 கேவி மோட்டாரை 4எஸ்ல (நாலு செல் லைப்போ) போட்டா, 14.8 வோல்ட் கணக்குல லோடு இல்லாம 32,560 வருது, கிட்டத்தட்ட அதே ரேஞ்ச், அதனால பழைய கிளட்ச் பெல்லுக்கு எத்தனை பல்லோ அதை ஒட்டியோ ஒண்ணு ரெண்டு கம்மியாவோ பினியன் எடுத்து ஆரம்பிக்கலாம். கிட்ல வந்த பினியன் என் ஸ்பருக்கு சேரவே இல்ல, அவன் குடுத்தது மாட் 1, என்கிட்ட இருந்தது 32 பிட்ச் (மாட், பிட்ச் ரெண்டும் கியர் பல்லோட அளவு). 32 பிட்சும் 0.8 மாடும் கிட்டத்தட்ட ஒண்ணு, சேத்து ஓட்டிக்கலாம், மாட் 1 பல்லு பெருசு, அதோட இதைப் போட்டா ஸ்பர் பல்லு மாவா போகும். வாங்குறதுக்கு முன்னாடி இதைக் கேட்டுக்கோங்க.

பேட்டரி ட்ரே... அதை ட்ரேன்னு சொல்றதே பாவம். சேஸிஸுக்கு மேல உசரமா நிக்குது, கனமான லைப்போ அங்க ஏறி உக்காந்தா வளைவுல வண்டி பொத்துனு சாயுது. ஸ்ட்ராப் போற ஓட்டையோட விளிம்பு கத்தி மாதிரி இருந்துச்சு, அரம் போட்டு தேச்ச பிறகு தான் ஸ்ட்ராப் அறுபடாம நிக்குது. ரெண்டு பக்கமும் ஒரே எடைல பேக் போட்டு தாழ்வா வைக்கிற மாதிரி நான் தகடு வெட்டி வேற செஞ்சுக்கிட்டேன், இப்ப வண்டி கம்முனு போகுது.

சின்ன விஷயங்கள் சில. பிரேக்கை ஈஎஸ்சியே பாத்துக்கும், டிஸ்க்கை கழட்டிடலாம். ரிசீவருக்கு கரண்ட் ஈஎஸ்சில இருக்க பிஇசி (வோல்ட்டை குறைச்சு குடுக்குற சர்க்யூட்) குடுக்கும். சென்சார் இல்லாத மோட்டார் தலைகீழா சுத்தினா மூணு வயர்ல ஏதாவது ரெண்ட மாத்தி சொருகுங்க, சரியாயிடும். இன்னும் பழைய 27 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ வச்சிருந்தா தூக்கிப் போட்டுட்டு 2.4 கிகாஹெர்ட்ஸ் எடுங்க, மோட்டார் பக்கத்துல பழசு நடுங்கும். லைப்போ கட்ஆஃப் (வோல்ட் ரொம்ப இறங்குறதுக்கு முன்னாடி நிறுத்துற செட்டிங்) ஆன்ல இருக்கான்னு பாத்துட்டு தான் முதல் ரன்.

ஓட்ட எப்படி இருக்குன்னா, க்ளோ ப்ளக் சூடாக்கி, நீடில் திருகி, ஸ்டார்ட்டர் கயிறை இழுத்து இழுத்து தோள் வலிச்சதெல்லாம் போச்சு, சுவிட்ச் போட்டா வண்டி ரெடி. அந்த சத்தமும் புகை வாசமும் இல்லாதது எனக்கு குறை தான், இல்லைன்னு சொல்லமாட்டேன். நைட்ரோல டேங்க்ல ஊத்தினா உடனே மறுபடி ஓடலாம், இங்க 5000 எம்ஏஎச் பேக்க 1சி-ல (அதாவது 5 ஆம்ப்ல) ஏத்த ஒரு மணி நேரம் கிட்ட ஆகும், ரெண்டாவது செட் பேக் இல்லைனா பாதி நேரம் உக்காந்து சார்ஜரைத் தான் பாத்துட்டு இருக்கணும். மோட்டார் தொட முடியாத அளவு சூடாச்சுன்னா பினியன்ல ஒரு பல்லு குறைங்க.

5க்கு 3 குடுப்பேன், அந்த 3 மவுண்டுக்கு. இன்ஜின்ல கம்ப்ரெஷன் போய் சும்மா கிடக்குற, ஆனா சேஸிஸும் டிஃப்பும் உருப்படியா இருக்க வண்டிக்கு இது சரி, நல்லா ஓடிட்டு இருக்க இன்ஜினை கழட்டிட்டு போடாதீங்க. மவுண்டை மட்டும் தனியா தருவானான்னு கேளுங்க, தந்தா மீதிய உங்க ஸ்பருக்கு தகுந்தா மாதிரி நீங்களே எடுத்துக்கலாம்.