நிக்கான் டி5600க்கு வெளி ஃபிளாஷ்: எஸ்பி-700, டிடி685, டிடி600

நிக்கான் டி5600 வைத்திருப்பவர் வெளி ஃபிளாஷ் ஒன்றை வாங்க நினைத்தால், தேடல் பெரும்பாலும் மூன்று பெயர்களில் வந்து நிற்கும்: நிக்கானின் சொந்தத் தயாரிப்பான எஸ்பி-700, கோடாக்ஸ் நிறுவனம் நிக்கானுக்கென்று செய்யும் டிடி685என், அதே நிறுவனத்தின் விலை குறைந்த டிடி600. மூன்றும் கேமராவின் ஹாட் ஷூவில் (மேலே ஃபிளாஷ் மாட்டும் தடம்) ஏறும், மூன்றும் ஒளி தரும். ஆனால் 'பொருந்தும்' என்று விற்பவர் சொல்வது ஒன்றாகவும் வாங்குபவர் புரிந்துகொள்வது வேறாகவும் இருப்பதால், அந்தச் சொல்லிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. எல்லாக் கேமராவுக்கும் பொருந்தும் என்ற கடைக்காரரின் வார்த்தையை நம்பி நான் வாங்கிய முதல் ஃபிளாஷ், வீட்டில் அட்டைப்பெட்டியை நிதானமாகப் படித்தபோதுதான் கேனனுக்கானது என்று தெரிந்தது. அது என் நிக்கானில் அடிக்கவே செய்தது; ஆனால் எவ்வளவு ஒளி வேண்டும் என்பதை ஒவ்வொரு படத்துக்கும் நானேதான் திருகி வைக்க வேண்டியிருந்தது.

ஹாட் ஷூவின் நடுவிலுள்ள பின், ஷட்டர் திறந்ததும் 'அடி' என்ற ஒற்றைக் கட்டளையை மட்டும் கடத்துகிறது. அதைச் சுற்றியுள்ள சிறிய பின்கள்தாம் கேமராவும் ஃபிளாஷும் பேசிக்கொள்ளும் வழி. அவற்றின் இடமும் மொழியும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். டிடிஎல் என்பது அந்தப் பேச்சுதான்: படம் எடுக்கும் முன் ஃபிளாஷ் மெல்லிய முன்னொளி ஒன்றை அடிக்க, அது பொருளில் பட்டு லென்ஸ் வழியாகத் திரும்புவதைக் கேமரா அளந்து, உண்மையான அடிக்கு எவ்வளவு ஒளி தேவை என்று சொல்லி அனுப்புகிறது. நிக்கானின் இன்றைய மொழிக்கு ஐ-டிடிஎல் என்று பெயர். 2003இல் டி2எச் கேமராவோடும் எஸ்பி-800 ஃபிளாஷோடும் அது வந்தது. எஸ்பி-700, டிடி685என் இரண்டுக்கும் இந்த மொழி தெரியும். டிடி600க்குத் தெரியாது, அது நடுப்பின்னை மட்டும் கேட்டு, நாம் வைத்த அளவில் அடிக்கும்.

ஒரே நிறுவனம் என்பதும் இதற்கு உத்தரவாதம் அல்ல. ஃபிலிம் காலத்து எஸ்பி-28 யாராவது கொடுத்ததாக வீட்டில் இருந்தால், அதை டி5600இல் பொருத்தி டிடிஎல் நிலையில் வைத்தவுடன் ஷட்டர் பொத்தானே பூட்டிக்கொள்ளும்; ஃபிளாஷின் சொந்த ஆட்டோ நிலையிலோ மேனுவலிலோ வைத்தால்தான் படம் எடுக்க முடியும். வேறு நிறுவனங்களின் மிகப் பழைய ஃபிளாஷ்கள் சிலவற்றில் ஷூவில் பாயும் மின்னழுத்தம் 200 வோல்ட்டையும் தாண்டும். டி5600க்கு நிக்கான் வகுத்த எல்லை 250 வோல்ட் என்றாலும், மல்டிமீட்டரால் அளக்காமல் மாட்டிப் பார்க்கும் துணிவு எனக்கு இல்லை.

வலிமையை ஒப்பிடும்போது, ஃபிளாஷின் ஒளி வலிமையைக் குறிக்கும் கைடு எண் எளிதில் ஏமாற்றும். எஸ்பி-700க்கு 28 என்றும் டிடி685க்கு 60 என்றும் அச்சிட்டிருப்பதைப் பார்த்தால் பின்னது இரு மடங்குக்கும் மேல் என்று தோன்றும். ஆனால் நிக்கான் தன் எண்ணை ஃபிளாஷின் தலை 35 மி.மீ. நிலையில் இருக்கும்போது சொல்கிறது. கோடாக்ஸோ, ஒளியைக் குறுக்கிக் குவிக்கும் 200 மி.மீ. நிலையில் சொல்கிறது. ஒரே நிலையில் வைத்துப் பார்த்தால் டிடி685 சற்று வலிமையானது, அவ்வளவே. டிடி600க்கும் அதே 60தான். கேமராவின் உள் ஃபிளாஷுக்கு இந்த எண் 12 என்பதால், மூன்றில் எதுவும் பெரிய முன்னேற்றம்தான்.

கைடு எண்ணை லென்ஸின் துளையளவால் (எஃப் எண்ணால்) வகுத்தால் ஒளி எட்டும் தூரம் மீட்டரில் கிடைக்கும். கூடவே வரும் 18-55 லென்ஸை 55இல் வைத்தால் துளை எஃப்/5.6, ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 100இல் 28 என்ற அந்த எண்ணின்படி எஸ்பி-700 நேராக 5 மீட்டர் எட்டும், ஐஎஸ்ஓ 400இல் 10 மீட்டர். வெள்ளைக் கூரையில் அடித்துத் திருப்பும்போது சுமார் இரண்டு ஸ்டாப் ஒளி (ஒவ்வொரு ஸ்டாப்பும் பாதியாகக் குறைவது) போய்விடும் என்று வைத்தால் அந்தப் பத்து மீண்டும் ஐந்தாகும். 3 மீட்டர் உயரக் கூரையுள்ள வீட்டில் ஒளி போய்த் திரும்பும் பாதை நான்கேகால் மீட்டர்தான் என்பதால் அது தாராளமாகப் போதும். அதைப் போல இரு மடங்குக்கு மேல் உயரமுள்ள கல்யாண மண்டபத்தில் எஸ்பி-700 கைவிடும். டிடி685இன் கூடுதல் வலிமையும் அங்கே பெரிதாகக் காப்பாற்றாது. எனவே இந்த இரண்டில் ஒன்றை வலிமைக்காகத் தேர்வதில் பொருளில்லை.

வாங்குபவர் அதிகம் கவனிக்காத இடம் ஹை ஸ்பீட் சிங்க், அதாவது வழக்கமான எல்லையைத் தாண்டிய ஷட்டர் வேகத்திலும் ஃபிளாஷைப் பயன்படுத்தும் வசதி. டிடி685இன் பெட்டியில் 1/8000 நொடி என்று பெருமையாக அச்சிட்டிருக்கும். எஸ்பி-700இலும் அந்த வசதி உண்டு. ஆனால் டி5600இல் அந்த வசதி இல்லை. ஃபிளாஷ் எதுவானாலும் ஷட்டர் வேகம் 1/200ஐத் தாண்டாது. நடு வெயிலில் ஐஎஸ்ஓ 100, 1/200 என்று வைத்தால் துளையை எஃப்/11 அளவுக்குச் சுருக்க வேண்டும். பின்னணியை மங்கலாக்கி முகத்தில் ஃபிளாஷ் நிரப்பும் படம், லென்ஸின் முன் ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் போடாமல் அங்கே நடக்காது. இந்த ஒரு வசதிக்காகவே விலை உயர்ந்ததை வாங்கியவர்களை அறிவேன். டி7500 போன்ற உடலுக்கு மாறும் திட்டம் உண்டென்றால் அந்தச் செலவுக்கு அப்போது பலன் கிடைக்கும்.

ஃபிளாஷைக் கேமராவிலிருந்து இறக்கிப் பக்கவாட்டில் வைக்க விரும்புவோருக்குக் கணக்கு மாறுகிறது. டி5600இன் உள் ஃபிளாஷால் தொலைவிலுள்ள எஸ்பி-700க்கு டிடிஎல் கட்டளை தர முடியாது. அதற்கு இன்னொரு எஸ்பி-700 போன்ற ஒன்று கேமராவின் மேல் வேண்டும், அந்தத் தொடர்பும் ஒளி வழியாகவே நடப்பதால் ஒன்றின் பார்வையில் மற்றது இருந்தாக வேண்டும். கோடாக்ஸின் இரண்டிலும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் ரேடியோ உள்ளேயே இருப்பதால், தூணுக்குப் பின்னாலும் வேலை செய்யும். கேமராவின் மேலிருந்து ரேடியோக் கட்டளை அனுப்பும் டிரிக்கர் வாங்கப் பணம் இல்லையென்றால், டிடி600ஐ இன்னொரு ஃபிளாஷின் ஒளியைக் கண்டு அடிக்கும் எஸ்1 நிலையில் வைத்து, உள் ஃபிளாஷை மேனுவலில் மிகக் குறைந்த அளவுக்கு இறக்கி, அதைக் கண்டு இது அடிக்கும்படி செய்யலாம். மேசைமேல் பொருள்களைப் படமெடுக்கப் பழகுவோருக்கு இதைவிடச் சிக்கனமான பள்ளி இல்லை. (கேனன் 200டி இரண்டாம் பதிப்பு வைத்திருக்கும் நண்பருக்கு இதைப் பரிந்துரைத்துவிட வேண்டாம், அந்தக் கேமராவின் ஷூவில் நடுப்பின்னே இல்லாததால் டிடி600ஐ மேலே மாட்டினால் அடிக்காது.)

எஸ்பி-700இன் பக்கம் மிஞ்சுவது நம்பகம். கேமராவையும் ஃபிளாஷையும் ஒரே நிறுவனம் செய்வதால், புதிய உடல் வரும்போது அதன் மொழியைப் பிறர் ஆராய்ந்து ஃபர்ம்வேர் (ஃபிளாஷுக்குள் இயங்கும் மென்பொருள்) தரும்வரை காத்திருக்கும் நிலை குறைவு. பணத்துக்கு வேலை செய்பவருக்கு அது பெரிது. வீட்டு விழாக்களையும் ஓடும் குழந்தைகளையும் எடுக்கும் டி5600காரருக்கு அந்த விலை வித்தியாசம் நியாயமாக எனக்குத் தோன்றவில்லை. டிடி685என் வாங்கி, மிச்சத்தில் நல்ல நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிகள் எட்டும் ஒரு சார்ஜரும் வாங்கச் சொல்வேன். மூன்று ஃபிளாஷ்களுக்கும் நான்கு ஏஏ பேட்டரிகள்தாம். சுவர்க் கடிகாரத்துக்கு வாங்கும் மலிவு பேட்டரிகளைப் போட்டால் ஒரு முழு அடிக்குப் பிறகு அடுத்ததற்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டிவரும். பெட்டியைக் கடையிலேயே திறந்து, மாதிரி எண்ணின் கடைசியில் 'என்' எழுத்து இருக்கிறதா, டிடிஎல் என்று திரையில் தெரிகிறதா என்று சொந்தக் கேமராவில் மாட்டிப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.