கான்ஜி: தனித்தனியாக மனப்பாடமா, வாக்கியத்தோடு பயிற்சியா?

ஜப்பானிய அரசு 2010-இல் திருத்தி வெளியிட்ட பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் 2,136 கான்ஜி எழுத்துகள், அதாவது சீனத்திலிருந்து ஜப்பானிய மொழிக்கு வந்த எழுத்துகள், உள்ளன. அவற்றை உறுப்பு உறுப்பாகப் பிரித்து ஒவ்வொன்றாக மனத்தில் பதிப்பது ஒரு வழி. அன்றாட வாக்கியங்களில் சொற்களோடு சேர்த்துப் பழகுவது மற்றொரு வழி. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் உரசிப் பார்க்கலாம்: "டென்ஷா நோ நாகா தே டென்வா ஓ சுரு நோ வா மனா இஹன் தெஸ்." ரயிலுக்குள் தொலைபேசியில் பேசுவது நாகரிக மீறல் என்பது இதன் பொருள்.

டென்ஷா என்பது ரயில். டென்வா என்பது தொலைபேசி. இரண்டின் முதலெழுத்தும் மின்சாரத்தைக் குறிக்கும் 'டென்'. மழையைக் குறிக்கும் உறுப்பு அதன் தலைமேல் அமர்ந்திருக்கும். மின்னோடு வண்டி ('ஷா') சேர்ந்தால் ரயில், பேச்சு ('வா') சேர்ந்தால் தொலைபேசி என்னும் கூட்டுச்சொல் முறையை இவ்வாக்கியம் விதி எதுவும் சொல்லாமலே கற்பித்துவிடுகிறது. செயல் நிகழும் இடத்தைக் காட்டும் 'தே', செயப்படுபொருளைக் காட்டும் 'ஓ' ஆகிய உருபுகளும் உடன் வருகின்றன. நாகரிகத்தைக் குறிக்கும் 'மனா' மட்டும் கடன்சொல்லாதலால், அத்தகைய சொற்களுக்கான ஒலியெழுத்தாகிய கதகானாவில் நிற்கிறது. எழுத்துகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்தால் இந்தக் கூட்டுச்சொல் முறையும் உருபுகளும் கிடைக்காது.

ஆனால் மீறலைக் குறிக்கும் 'இஹன்' என்ற சொல்லில் வாக்கிய வழி தடுமாறுகிறது. அதன் முதலெழுத்து 13 கோடுகள் கொண்டது. 'ஷா'வை முதல் வகுப்பிலும் 'டென்'னை இரண்டாம் வகுப்பிலும் கற்கும் ஜப்பானியக் குழந்தைகளே அதைத் தொடக்கப்பள்ளி முடிந்த பிறகுதான் முறையாகப் படிக்கிறார்கள். வாக்கியத்தின் போக்கிலேயே பொருள் விளங்கிவிடுவதால், கண் அந்த எழுத்தை உற்று நோக்காமல் கடந்துவிடும். இங்கே பட்டியல்காரர்களின் முறையே சரி: இடப்புறத்திலிருந்து அடிவரை வளையும் நடையுறுப்பைத் தனியே பார்த்து, எழுதிப் பழக வேண்டும். 'ஷா' தனித்து நின்றால் 'குருமா' என ஒலித்துக் காரைக் குறிக்கும் என்பதையும் இவ்வாக்கியம் சொல்லாது.

என் தேர்வு வாக்கியமே. சிக்கலான எழுத்துக்கு மட்டும் பட்டியலின் துணை போதும். எழுத்தைக் கற்காமல் வாக்கியத்தையே மனப்பாடம் செய்துவிடும் ஆபத்து இதில் உண்டு என்பதால், வேறொரு வாக்கியத்தில் சோதிப்பது கட்டாயம். ஜப்பானிய ரயில்களில் "த்சூவா வா கொ-என்ரியோ குதாசாய்" என்று, அலைபேசியில் பேசுவதைத் தவிர்க்குமாறு வேண்டுகிறார்கள். அதன் எழுத்து வடிவில், 'த்சூவா'வின் இரண்டாம் எழுத்து டென்வாவில் கண்ட பேச்செழுத்தே என்று உடனே பிடிபட்டால் அது கைவந்துவிட்டது எனலாம். ஜப்பானிய மொழித் திறனறித் தேர்வான ஜே.எல்.பி.டி.யில் கையால் எழுதும் பகுதி இல்லை. ஆகவே நேரம் குறைவாக உள்ள தேர்வர்கள் இந்த அடையாளங்காணும் பயிற்சிக்கே முதலிடம் தரலாம்.